கடல் கடந்த கூத்து

சென்னை மாநகரின் நடுவே விளங்குவது தியாகராய நகர். ஒரு நூற்றாண்டுக்கு முன் அவ்விடம் நகராக இருக்கவில்லை. நீண்டு கிடந்த ஏரியொன்றின் பகுதியாக இருந்தது. 1920-களில் ஏரிநீரை வடித்து, நிலந்திருத்தி, தெரு வகுத்து, நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவராகிய பிட்டி தியாகராயரின் பெயரை அதற்கு இட்டனர். இன்று மார்கழித் திங்களில் அங்குச் செல்வோர், வாணி மகாலிலும் கிருஷ்ண கான சபையிலும் இசையும் நடனமும் இடையறாது நிகழக் காண்பர். அயல்நாடுகளில் வாழும் தமிழர்தம் பிள்ளைகளும் அவ்வரங்குகளுக்கு வந்து ஆடுவதுண்டு. கடல் கடந்தும் கலையை மறவாத அவர்களைக் கண்டு அவையோர் கைதட்டி மகிழ்வர். அம்மகிழ்ச்சி தக்கதே.

ஆயின், அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே கடல் கடந்து சென்ற கலை ஒன்றுண்டு. அதற்கு அரங்கமில்லை, நுழைவுச் சீட்டில்லை, அழைப்பிதழ் இல்லை. அதனை ஆடியவர் மண்வெட்டி பிடித்த கையினர். அதனைக் கண்டவர் கொழுந்து கிள்ளிய விரலினர். நம் நாட்டுச் சிற்றூர்களிலிருந்து இலங்கையின் மலைநாட்டிற்குச் சென்ற உழைப்பாளர் தம்முடன் எடுத்துச் சென்ற காமன் கூத்தே அது. அக்கூத்தின் வரலாறு, அம்மக்களின் வரலாறேயாகும். அதனை இப்பாடத்தில் அறிவோம்.

பிரிவும் பயணமும்

இலங்கையின் நடுவே ஓங்கி நிற்பது கண்டிச் சீமை. 1815-ஆம் ஆண்டில் கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. அதன்பின் அம்மலைகளில் காப்பி பயிரிட ஆங்கிலேயர் முனைந்தனர். காடு வெட்டவும், கல் பெயர்க்கவும், கன்று நடவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். அவ்வேலைக்குத் தமிழகத்திலிருந்து மக்கள் செல்லத் தொடங்கிய ஆண்டு 1823 எனக் கொள்வர்.

சென்றவர் யாவர்? திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த ஏழை எளியவர். சொந்த நிலமின்றிப் பிறர் நிலத்தில் உழைத்தவர். மழை பொய்த்தபோதும், கடன் நெரித்தபோதும், பஞ்சம் பரவியபோதும் அவர்கட்குப் போக்கிடம் வேறில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் மறக்கவில்லை. அக்காலத்தில் ஊரைவிட்டு வெளியேறியோர் பலர். அவர்களைத் திரட்டி அழைத்துச் சென்றவன் கங்காணி. அவன் முன்பணம் கொடுப்பான்; அப்பணமே பின்னர்க் காலில் தளையாகும்.

இராமேசுவரக் கரைக்கும் மன்னார்க் கரைக்கும் இடையே உள்ள கடல் ஏறக்குறைய இருபது மைல். அதனைத் தோணியில் கடந்தனர். அதன்பின் மாத்தளை வரையில் நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியை நடந்தே கடக்க வேண்டியிருந்தது. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். உடன் நடந்தவர் அவர்களை வழியோரத்தில் கிடத்தி, கண்ணீர் உகுத்து, மேலே நடந்தனர். நின்று அழவும் அவர்கட்கு நேரம் இல்லை.

காப்பித் தோட்டக் காலத்தில் தொழிலாளர் பெரும்பாலும் காய்பறிக்கும் பருவத்தில் சென்று, பருவம் முடிந்தபின் ஊர் திரும்பினர். 1869-ஆம் ஆண்டில் காப்பிச் செடியின் இலையில் ஒருவகை நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் காப்பித்தோட்டங்கள் அழிந்தன. அதற்கு முன்பே, 1867-இல், சேம்சு தெயிலர் என்பார் லூல்கந்துரா என்னும் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த இடத்தில் தேயிலை தழைத்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் அதனைக் கிள்ள வேண்டும். எனவே ஆடவருடன் பெண்டிரும் பிள்ளைகளும் சென்று, தோட்டத்திலேயே குடியிருக்கலாயினர்.

பருவத்திற்கு வந்து மீள்பவனுக்குத் திருவிழா சொந்த ஊரில் காத்திருக்கும். மீளாதவனுக்கு அவ்வாறன்று. ஊர்த் திருவிழாவிற்குத் திரும்ப இயலாத அம்மக்கள், ஊர்த் திருவிழாவையே மலைக்கு வருவித்துக்கொண்டனர். காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் அவ்வாறு மலையேறின. கொங்கு நாட்டு வீரர் கதை கண்டிச் சீமையில் ஒலித்தது. அருச்சுனன் ஏறும் தபசு மரம் தேயிலை மலைநடுவே நாட்டப்பட்டது. இவற்றுள் தோட்ட மக்களின் வாழ்வோடு மிகவும் பிணைந்து நின்றது காமன் கூத்தேயாகும்.

காமன் கதை

காமவேளை வழிபடுதல் தமிழகத்தில் பழைய வழக்கம். பூம்புகாரில் காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. சிவபெருமான் காமனை எரித்த வரலாற்றைக் கச்சியப்பர் கந்தபுராணத்தில் விரித்துரைத்துள்ளார். அந்நிகழ்ச்சி நடந்த தலமாக மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கையைக் கூறுவர். அட்ட வீரட்டத் தலங்களுள் அதுவும் ஒன்று.

சிவபெருமான் யோகத்தில் அமர்ந்திருந்தார். சூரபன்மனால் துன்புற்ற தேவர்கள், அவனை அழிக்கவல்ல மைந்தன் சிவபெருமானிடம் தோன்ற வேண்டுமென விரும்பினர். யோகம் கலைந்தாலன்றி அது நிகழாது. யோகத்தைக் கலைக்கும் வேலையை மன்மதனிடம் ஒப்புவித்தனர். மன்மதன் அஞ்சினான், எனினும் ஆணையை மறுக்க இயலவில்லை. கரும்பு வில்லும் மலர் அம்பும் ஏந்திச் சென்றான், அம்பு தொடுத்தான். நெற்றிக்கண் திறந்தது. மன்மதன் சாம்பலானான். அவன் மனைவி ரதி அழுது புலம்பினாள். அவள் துயர்க்கு இரங்கிய இறைவன், மன்மதனை மீண்டும் எழுப்பினார்; ஆயின், ரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் புலனாவான் என அருளினார்.

இக்கதை புலவர்க்கு ஒருவாறாகவும், தோட்டத் தொழிலாளர்க்கு வேறொருவாறாகவும் தோன்றியிருத்தல் கூடும். புலவர் இதில் இறைவனின் ஆற்றலைக் கண்டனர். தொழிலாளர் கண்டது யாது? மேலிடத்து ஆணையால் தன் விருப்பமின்றி வேலைக்குப் போகும் ஒருவனை அவர்கள் கண்டனர். வேலையை ஏவியவர் நலமாக இருந்தனர், ஏவப்பட்டவன் எரிந்தான். "போகவேண்டா" என்று தடுத்த மனைவி வாயிற்படியில் நின்றாள். தோணி ஏறும் நாளில் தடுத்த தாயையும், காட்டு வழியில் கணவனை இழந்த மனைவியையும் கண்டறிந்தவர்க்கு, ரதியின் புலம்பல் கதையாகத் தோன்றியிராது. தம் வீட்டு அழுகையாகவே தோன்றியிருக்கும். மன்மதன் ரதிக்கு மட்டும் தோன்றுவான் என்னும் முடிவும் அவர்கட்குப் பொருந்தியது. விட்டுவந்த ஊர் அவர்தம் கண்ணுக்கு மட்டுமே தெரிந்துகொண்டிருந்தது. மலையில் பிறந்த பிள்ளைகட்கு அவ்வூரைக் காட்டக் கூத்தையன்றி வேறு வழியில்லை.

கூத்து நிகழும் முறை

மாசித் திங்களில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளில் காமன் ஊன்றப்பெறும். அதற்கெனத் தோட்டத்தில் ஓர் இடம் உண்டு. அதற்குக் காமன் பொட்டல் என்று பெயர். ஆமணக்கு, கரும்பு முதலியவற்றைக் கொண்டு கம்பம் நட்டு, வைக்கோலும் வறட்டியும் சுற்றுவர். அன்று முதல் முழுமதி நாள்வரை இரவுதோறும் அக்கம்பத்தைச் சுற்றி ஆட்டமும் பாட்டும் நிகழும்.

ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைவோர் விரதம் காப்பர். இருவரும் ஆடவரே. பகலெல்லாம் மலைச்சரிவில் உழைத்தவர், இரவில் கூத்து வாத்தியாரிடம் அடவும் பாட்டும் பயில்வர். பாட்டுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்தவை. தந்தை பாட மகன் கேட்டு நிற்பான். சிலர் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துப் பொருள்போலக் காப்பர். செலவுக்கென வீட்டுக்கு வீடு பணம் திரட்டுவர். வறுமையில் வாடும் குடும்பமும் தன் பங்கைக் கொடுக்கத் தவறாது. கொடுத்த வீடு அனைத்திற்கும் கூத்து சொந்தம்.

கூத்துக்கு உயிர் கொடுப்பது தப்பு என்னும் பறை. அத்தப்புக்குத் தோட்டத்தில் வேறொரு பணியும் இருந்தது. முற்காலத்தில் விடியுமுன் தப்பு முழக்கியே தொழிலாளரை எழுப்புவர். எழுந்தோர் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து வேலைக்குச் செல்வர். காலையில் அதட்டி அழைத்த அதே ஓசை, மாசி இரவில் ஆட அழைத்தது. ஒரே கருவி, ஒரே தோல், ஒரே கை. காலையில் அது துரையின் குரல். இரவில் அது மக்களின் குரல். இவ்வேறுபாட்டை அங்குப் பிறந்த சிறு குழந்தையும் அறியும்.

முழுமதி நாளில் விடிய விடியக் கூத்து நடைபெறும். ரதி மன்மதன் திருமணம் நிகழும். ஊர் முழுவதும் திருமண வீட்டாராகும். கோமாளி வந்து நகைப்பூட்டுவான்; கங்காணியையும் கணக்கரையும் போன்று நடித்து, பகலில் வாய்திறவாதவரையும் சிரிக்கவைப்பான். தூதன் ஓலை கொண்டு வருவான். மன்மதன் புறப்படுவான், ரதி தடுப்பாள், இருவர்க்கும் பாட்டில் வாதம் நிகழும். வீரபத்திரன் சினந்து ஆடுவான். இறுதியில் கம்பத்திற்குத் தீ மூட்டுவர். தீ எழும்போது ரதி வேடம் பூண்டவர் புலம்பலைத் தொடங்குவார். பாடுபவர் ஆடவர்; சூழ்ந்திருந்து அழுபவர் பெண்டிர். ஆண்டு முழுவதும் அடக்கிய கண்ணீர் அன்று வெளிப்படும். பின்னர்க் காமன் உயிர்பெற்றெழும் சடங்கோடு விழா நிறைவுறும். எரிந்தவன் எழுந்தான் என்னும் நம்பிக்கையோடு மறுநாள் மக்கள் கூடை சுமந்து மலையேறுவர்.

இக்கூத்தில் குறையே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. ரதியின் துயரை நன்கறிந்த பெண்டிர்க்கு ரதியாக ஆடும் உரிமை வழிவழியாகக் கிடைக்கவில்லை. கூத்துக்கு உயிராகிய தப்பை முழக்கியவரைத் தாழ்ந்தவர் எனக் கருதும் கொடுமையும் ஊரிலிருந்து கூடவே கடல் கடந்தது. கலையை எடுத்துச் சென்றவர் தம் மூட்டையில் குற்றங்களையும் கட்டிச் சென்றனர். நல்லதைப் போற்றுவோர் இதனையும் மறைத்தலாகாது. அல்லதை நீக்குதலும் மரபைக் காக்கும் வழிகளுள் ஒன்றேயாகும்.

உரிமை இழந்த காலம்

1948-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் இலங்கை விடுதலை பெற்றது. அதற்கு முன் ஆண்டில் நடந்த தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் வாக்களித்தனர். இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். அவர்களுள் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914-இல் பிறந்து 1984-இல் மறைந்த அவர், தொழிற்சங்கத் தொண்டரும் கவிஞரும் ஆவார். தோட்ட மக்கள் பாடிய பாட்டுகளை அவர் தேடித் தொகுத்தார். "இவையும் ஒரு மக்களின் இலக்கியமே" என்பதை அத்தொகுப்பு உலகிற்கு உணர்த்தியது.

விடுதலை மலைநாட்டுத் தமிழர்க்கு விடியலாக அமையவில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் அவர்களை விட்டு நீங்கியது. 1949-இல் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி குடியுரிமை வேண்டுவோர், திருமணமானவராயின் ஏழாண்டும், ஆகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததைச் சான்றுகாட்டி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறியாத உழைப்பாளி எந்தச் சான்றைக் காட்டுவான்? அவன் பாட்டன் வெட்டிய காடு மலையாக எதிரே நின்றது. தந்தை நட்ட செடி துளிர்த்து நின்றது. மலையும் செடியும் நீதிமன்றத்தில் சாட்சி கூறா.

அவன் குடியிருந்த வீடும் அவனுடையதன்று. லயம் எனப்படும் நீண்ட கட்டடத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, அதுவும் தோட்டத்திற்குரியது. வேலை போயின் அறையும் போகும். நிலம், வீடு, நாடு ஆகிய மூன்றும் இல்லாத மக்கட்கு, "இது எம்முடையது" என்று சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்தவற்றுள் காமன் பொட்டலும் ஒன்று. அதற்கும் பத்திரம் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் அதே இடத்தில் கம்பம் ஊன்றியதனால், "எம் பாட்டனார் இங்கு ஆடினார், யாமும் இங்கு ஆடுகின்றோம்" என்று கூற அவர்களால் இயன்றது. ஏட்டில் எழுதப்படாத சான்று அது. அரசு கேட்ட சான்று அதுவன்று. எனினும் மானத்தோடு நிமிர்ந்து நிற்க அவர்கட்கு வேண்டியிருந்த சான்று அதுவே.

1964-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியத் தலைமையமைச்சர் இலால் பகதூர் சாத்திரியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974-இல் மற்றோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. எண்களாகப் பகுத்தல் எளிது. உடன்பிறந்தார் இருவருள் ஒருவர்க்கு இங்கும் ஒருவர்க்கு அங்கும் எனப் பகுப்பு வந்தபோது, குடும்பங்கள் பிளவுண்டன. ஒரு கம்பத்தைச் சுற்றி ஆடிய கால்கள் இரு நாட்டுக் கால்களாயின. தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி, பாட்டனார் புறப்பட்ட அதே இராமேசுவரக் கரையில், பெயரன்மார் வந்து இறங்கினர். பாட்டனார்க்குத் தாயகமாக இருந்த நாடு பெயரனுக்குப் புதுநாடாக இருந்தது.

தாயகம் திரும்பியோர்க்கு வேலையளிக்கும் பொருட்டு, நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் முதலிய இடங்களில் அவர்கள் குடியமர்ந்தனர். ஒரு மலையிலிருந்து வந்தவர்க்கு வேறொரு மலையே வாழ்விடமாயிற்று. இலங்கையில் எஞ்சியிருந்தவர்தம் நாடற்ற நிலை, பல சட்டங்களுக்குப் பின், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரிதும் நீங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுக்காலம் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது. எனினும் லயங்களில் சொந்த நிலமின்றி வாழ்வோர் இன்றும் உளர். 2023-ஆம் ஆண்டில், தம் முன்னோர் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் மலையக மக்கள் நடந்தே சென்றனர். முன்னோர் மாண்ட வழியை வழித்தோன்றல்கள் காலால் அளந்து வணங்கினர்.

உலகில் ஓர் ஒப்புமை

பிறந்த நாட்டைப் பிரிந்தோர் ஆட்டத்தில் தம் நாட்டைக் காத்தல் தமிழர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. ஐரோப்பாவின் கிழக்கே உக்ரேன் என்றொரு நாடு உண்டு. கோதுமை விளையும் கரிசல் நிலம் மிக்க நாடு அது. அம்மக்களின் மொழியில் நூல் அச்சிடுதலையும் நாடகம் நடித்தலையும் 1876-ஆம் ஆண்டில் உருசியப் பேரரசர் ஓர் ஆணையால் தடுத்தார். உக்ரேனின் மேற்குப் பகுதியோ அக்காலத்தில் ஆத்திரியப் பேரரசின் கீழ் வறுமையில் வாடிற்று. அங்கிருந்து 1891 முதல் உழவர் பலர் கானடா நாட்டிற்குச் சென்றனர். பனி மூடிய வெளியில் குடில் அமைத்து, புல்தரை கிளறிக் கோதுமை விளைத்தனர்.

1895-இல் உக்ரேனில் பிறந்த வாசில் அவ்ரமென்கோ என்பார் உக்ரேனின் விடுதலைப் போரில் ஈடுபட்டவர். போரில் தோற்ற உக்ரேனியப் படையினர் போலந்து நாட்டுக் காவல் முகாம்களில் வைக்கப்பட்டனர். அவ்வாறு காலிசு என்னும் ஊரிலிருந்த முகாமில், 1921-இல், அவர் நாட்டு நடனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். நாடு போய், படை போய், உரிமையும் போனவர்களுக்கு நடனம் கற்பித்தார்! 1925-இன் இறுதியில் அவர் கானடா சென்றார். உக்ரேனியர் குடியேறிய ஊர்தோறும் நடன வகுப்புகளை நிறுவினார். உழவர்தம் பிள்ளைகள் மன்றங்களில் கூடிப் பயின்றனர். எட்மண்டன் நகரில் 1959-இல் தோன்றிய சும்கா என்னும் குழு இன்று பெரிய அரங்குகளில் ஆடுகின்றது. தம் நாடு வரைபடத்தில் தனி நாடாக இல்லாத காலத்தும் அம்மக்கள் ஆட்டத்தில் அதனைக் காத்தனர். உக்ரேன் 1991-இல் விடுதலை பெற்றபோது, கானடாவில் பிறந்த பெயரன்மார் கால்கள் அந்நாட்டு நடனத்தை அறிந்திருந்தன.

இரண்டு வரலாறும் ஒருபுடை ஒக்கும், ஒருபுடை வேறுபடும். உக்ரேனியர்க்கு ஆசிரியர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். குழுக்களுக்குப் பெயரும் பதிவும் இருந்தன. உழுத நிலம் உழுதவர்க்கே சொந்தமாயிற்று. மலைநாட்டுத் தமிழர்க்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. ஒவ்வொரு தோட்டமும் தானே ஒரு கூத்துக் குழுவாக விளங்கிற்று; அதற்குப் பெயர் இல்லை; பதிவேடும் இல்லை. அதனாலேயே உலகம் அவர்களைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொள்ளப்படாத கலை சிறிய கலையாகாது. வேர் மண்ணுள் மறைந்திருத்தலால் மரத்திற்கு வேரில்லை எனல் பொருந்துமோ?

நாம் அறியத்தக்கது

கலை என்பது ஓய்வுடையோர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். ஓய்வே இல்லாதவர் உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு வளர்த்த கலை காமன் கூத்து. வயிறு நிறைந்தபின் கலை தோன்றும் என்பர் சிலர். அரை வயிற்றோடு இருந்தவர் தம் பங்கைக் கொடுத்து அக்கம்பத்தை ஊன்றினர். மனிதன் உணவினால் மட்டும் வாழ்பவனல்லன். "யான் இன்னார் மகன், இன்ன ஊரினன், எனக்கும் ஒரு கதை உண்டு" என்னும் நினைவினாலும் வாழ்கின்றான். ஆளை எண்ணால் அழைத்து வேலை வாங்கிய இடத்தில், கூத்து அவனைப் பெயரால் அழைத்தது. ஒருநாள் மன்மதனாகவே ஆக்கிற்று.

இன்றும் மாசித் திங்களில் இலங்கை மலைத்தோட்டங்களில் காமன் கம்பம் எழுகின்றது. ஆடுவோர் தொகை பல இடங்களில் குறைந்துள்ளது. படித்த இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குச் செல்கின்றனர். அது குற்றமன்று, பாட்டன் கூடையைப் பெயரனும் சுமக்க வேண்டும் என்று விரும்புவார் யார்? ஆயின், கூடையை இறக்கி வைப்பவர் பாட்டையும் அதனுடன் இறக்கி வைக்க வேண்டுவதில்லை. கல்வி பெற்றோரே அப்பாட்டுகளை எழுதிக் காத்தற்கு உரியவர். முன்னோர் எழுத அறியாமையால் வாயில் காத்தனர். நாம் எழுத அறிந்திருந்தும் இழப்போமாயின், அஃது அறியாமையினும் பெரிய குற்றமாகும்.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் முதியோர் நினைவில் ஒரு பாட்டு இருக்கும். ஒரு கதை இருக்கும். ஆடி மறந்த ஓர் அடவு இருக்கும். அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் அதன் கீழ்க் குறியுங்கள். அவ்வாறு குறிக்க ஒருவர் இல்லாமையாலேயே எத்தனையோ கூத்தர் பெயர் காற்றோடு போயிற்று.

தியாகராய நகரின் கடைத்தெருவில் மாலைப்பொழுதில் மக்கள் நின்று தேநீர் அருந்துவர். அதன் நிறம் சிவப்பு, மணம் இனிது, விலை சிறிது. அத்துளிர் நீலகிரியில் கிள்ளியதாயினும் கண்டிச் சீமையில் கிள்ளியதாயினும், அதன் பின்னே ஒரு கை உண்டு. அக்கை பகலில் கொழுந்து கிள்ளியது. மாசி இரவில் கரும்பு வில் ஏந்தியது. தேநீரை அறிந்த நாம் அக்கையையும் அறிதல் வேண்டும்.